கலைத்து வெட்டும் தேக்குக் கழிகளை விறகு விலைக்குத் தள்ளாமல் என்ன செய்யலாம்?

டெல்டா_தேக்கு:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் இடம் ஒரத்தநாடு பக்கம். 8 வருடத்துக்கு முன்னால் அப்பா 2 ஏக்கரில் தேக்கு நட்டார், 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி, ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 1000 கன்று. பெரும்பாலும் பிழைத்துவிட்டது. போர்த் தண்ணீர் இருந்ததால் நன்றாகவே உயர்ந்திருக்கிறது, ஆனால் இப்போது உள்ளே போனால் நடுப்பகலில் கூட இருட்டாக இருக்கிறது, கிளையோடு கிளை பின்னிக்கொண்டு மரமெல்லாம் வெளிச்சத்தைத் தேடி மேலே ஓடுகிறதே தவிர பருக்கவில்லை. நெஞ்சுயரத்தில் டேப் வைத்துப் பார்த்தால் சுற்றளவு 12 அங்குலத்திலிருந்து 20 அங்குலம் வரை.

பாதி மரத்தைக் கலைத்து எடுக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கும் அது புரிகிறது. பிரச்சினை அதற்கப்புறம். பக்கத்து ஊரில் இருந்து வந்த ஒரு வியாபாரி, "உள்ளே வைரமே (முற்றி இறுகிய நடுமரம்) இல்லை, எல்லாம் வெள்ளை (முற்றாத வெளிமரம்), விறகுக் கணக்கில் டன்னுக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். 8 வருடம் தண்ணீர் கட்டி வளர்த்த மரம் செங்கல் சூளைக்குப் போவதை நினைத்தால் அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை, எனக்கும்தான்.

கட்டை எல்லாம் சிறிசு, அடியில் 6 அங்குல விட்டம் இருந்தால் பெரிது. தோட்டத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது, ஒரு செயின் ரம்பம் இருக்கிறது, அவ்வளவுதான் வசதி. நாங்களே பயன்படுத்திக்கொண்டாலும் சரி, ஏதாவது செய்து விற்றாலும் சரி, உருப்படியாக என்ன செய்யலாம்? வேலிக் கம்பமாக நட்டுவிடலாமா என்றும் ஒரு யோசனை. செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வு_வனவர்:
தம்பி, கழியை என்ன செய்வது என்பது இரண்டாவது கேள்வி. முதலில் கலைப்பைத் தள்ளிப்போடாதீர்கள், நல்ல விலைக்கு ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் நிற்கிற மரம் எல்லாமே கெட்டுவிடும். 2 மீட்டர் இடைவெளியில் நட்ட தேக்குக்கு 4, 5 வருடத்தில் ஒரு கலைப்பு, 8 வாக்கில் இன்னொன்று என்பதுதான் நாங்கள் வனத்தோட்டங்களில் கடைப்பிடித்த முறை. நிலம்பூரில் 1840களில் தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்ததிலிருந்து இன்றுவரை அங்கே கலைத்துக் கலைத்துத்தான் பெரிய மரத்தை உருவாக்குகிறார்கள். உங்கள் தோட்டம் இரண்டாவது கலைப்பு வயதில் முதல் கலைப்புக்கு நிற்கிறது.

அதற்காக ஒரேயடியாக நாலில் மூன்று பங்கை வெட்டிவிடவும் கூடாது. நெருக்கத்தில் வளர்ந்த மரம் ஒல்லியாக, தலை மட்டும் கனமாக இருக்கும், திடீரென்று பக்கத்து மரம் போனால் காற்றுக்கு நிற்காது. 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கம் என்ன செய்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த வருடம் மூலைவிட்டமாக ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுங்கள். அப்படி எடுத்தால் இடைவெளி 2.8 மீட்டர் ஆகும், ஏக்கருக்கு 500 மரம் நிற்கும். இரண்டு, மூன்று வருடம் கழித்து அடுத்த கலைப்பில் 4 மீட்டருக்கு 4 மீட்டர் என்று கொண்டுவந்தால் 250 மரம். வரிசைக் கணக்கை மட்டும் பார்க்காமல், எடுக்க வேண்டிய வரிசையில் அருமையான மரம் ஒன்று நின்று பக்கத்தில் கோணல் மரம் இருந்தால் கோணலை எடுத்துவிட்டு நல்லதை விடுங்கள்.

வெட்டுவதற்கு முன்னால் வனச்சரக அலுவலகத்துக்கு ஒருமுறை போய்விடுங்கள். பட்டா நிலத்துத் தேக்கானாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது கேள்வி வரும். சிட்டா, அடங்கல், உங்கள் நிலத்தில் நட்ட மரம்தான் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று, எல்லாம் கையில் இருக்கட்டும். 2023 கடைசியில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரே போக்குவரத்து அனுமதி இணையதளம் தொடங்கியிருக்கிறது, உங்கள் மரத்துக்கு எந்த வழியில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வியாபாரி சொன்னதில் பாதி உண்மை. தேக்கில் 5, 6 வயதுக்கு மேல்தான் வைரம் சேர ஆரம்பிக்கும். உங்கள் மரத்தில் அடிக்கட்டையில் கொஞ்சம் இருக்கும், மேலே போகப் போக வெள்ளைதான். தேக்கு கரையானுக்கு அசையாது என்ற பேரெல்லாம் வைரத்துக்கு உரியது. வெள்ளைக்கு அந்தக் காப்பு கிடையாது, சாதாரண மரம் போல உளுக்கும், மண்ணில் நட்டால் கரையான் ஏறும். இதை மனதில் வைத்துக்கொண்டு எந்த யோசனையையும் எடை போடுங்கள்.

கடைசல்_பட்டறை:
எனக்குத் தொழில் கடைசல், அம்பாசமுத்திரம் பக்கம். எங்கள் ஊரில் மரச்சொப்பு செய்கிறவர்கள் அந்தக் காலத்தில் மஞ்சக்கடம்பில் செய்தார்கள், அது கிடைப்பது அரிதானபிறகு கிடைக்கிற மரத்துக்கெல்லாம் மாறினோம். 3 அங்குலம், 4 அங்குலம் விட்டமுள்ள கட்டைதான் எங்களுக்கு வேண்டியதே. பெரிய மரத்தை வாங்கி அறுத்துச் சின்னதாக்குவதற்குப் பதிலாக சின்ன மரத்தையே வாங்குவது எங்களுக்கு வசதி. அதனால் சிறிய கட்டை என்றாலே மட்டம் என்று நினைக்காதீர்கள், வாங்குகிறவன் யார் என்பதைப் பொறுத்தது.

பூரிக்கட்டை, கீரை மத்து, தொட்டில் உருளை, மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் மரக்கால், ஸ்டூல் கால், சுவரில் துணி மாட்டும் முளை. இதில் பெரும்பாலானவற்றுக்கு 2 அடிக்கு மேல் நீளம் வேண்டாம், பாதிக்கு மேல் ஓரடிக்குள் முடிந்துவிடும். இளம் தேக்கு லேத்தில் நன்றாகக் கடைபடும், வெள்ளையில் வைரக் கோடு ஓடினால் பார்க்க அழகாகவும் இருக்கும். ஒன்று, தேக்கில் மணல் சத்து உண்டு, சாதா உளி சீக்கிரம் மழுங்கும், கார்பைடு முனை போட்டால் நிற்கும்.

நடுவில் மெத்தென்று ஒரு சோற்றுப் பகுதி இருக்கும் பாருங்கள், அதை உள்ளே வைத்துக் கடைந்தால் காய்ந்த பிறகு அங்கிருந்து வெளியே வெடிக்கும். 5 அங்குலக் கட்டை என்றால் நடுவாகப் பிளந்து இரண்டு பாதியிலும் தனித்தனியாகக் கடையலாம். 3 அங்குலக் கழியை அப்படிப் பிளக்க முடியாது, அதில் மெல்லிய சாமான் எதுவும் செய்யாமல் முளை, உருளை என்று தடிமனாகவே விடுங்கள்.

எங்களிடம் விற்க வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது வெட்டு முனையைத்தான். வெட்டிய அன்றைக்கே இரண்டு முனையிலும் மெழுகோ பழைய பெயின்ட்டோ அடித்திருந்தால் அந்தக் கட்டையை நான் எடுப்பேன். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அடிக்காமல் வெயிலில் போட்டால் ஒவ்வொரு முனையிலும் அரை அடி வெடித்துவிடும், 2 அடிக் கட்டையில் மிச்சம் என்ன இருக்கும்?

சாமில்_திருச்சி:
மரம் அறுக்கிற மில் வைத்திருப்பவன் என்ற முறையில் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் விவசாயிகள் மில்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று மட்டும் நினைத்துவிட்டுப் போகிறார்கள்.

சின்னக் கட்டையை ரம்ப மேடையில் ஏற்றிப் பிடிப்பதற்கும் பெரிய கட்டையை ஏற்றுவதற்கும் ஆள்கூலி ஒன்றுதான். நடுச்சுற்றளவு 14 அங்குலம், நீளம் 10 அடி என்று ஒரு கட்டை கொண்டுவருகிறீர்கள். எங்கள் கணக்கு, சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி 144ஆல் வகுப்பது. மூன்றரை இன்டு மூன்றரை இன்டு 10, வகுத்தால் 0.85 கன அடி. உண்மையில் அந்தக் கட்டையில் இருக்கும் மரம் கிட்டத்தட்ட 1.08 கன அடி, இந்தக் கணக்கே அறுக்கும் சேதாரத்துக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது. அது தெரியாமல் மேலும் பட்டைக்குக் கழிவு, கோணலுக்குக் கழிவு என்று யாராவது கழித்தால் நீங்கள் கேள்வி கேட்கலாம். ஆனால் 0.85 கன அடியில் சதுரித்த சட்டமாக வெளியே வருவது மூன்றில் ஒரு பங்கு வந்தாலே நல்லது, மீதி சிறாம்பும் தூளும். அதனால்தான் எங்களால் பெரிய தேக்கு விலை கொடுக்க முடியாது.

நான் சொல்கிற வழி, நீளமாக அறுக்க ஆசைப்படாதீர்கள். இளமரத்துக்குள் இழுவிசை அதிகம், ரம்பம் பட்டதும் சட்டம் வில்லாக வளையும். அந்த வளைவு நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. 10 அடிச் சட்டத்தில் ஓர் அங்குலம் வளைந்தால், அதையே 5 அடியாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் கால் அங்குலம்தான், இழைப்பில் போய்விடும். அதனால் முதலிலேயே 3 அடி, 4 அடியாகத் துண்டு போட்டு, கோணல் இருக்கும் இடத்தில் வெட்டி, நேரான துண்டை மட்டும் அறுக்கக் கொண்டுவாருங்கள். கதவு நிலைக்கு இந்த மரம் ஆகாது, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், இரண்டு வருடத்தில் உளுத்துப்போய் உங்கள் பேர்தான் கெடும்.

அக்கம்பக்கத்தில் தேக்கு, மகோகனி, குமிழ் போட்டவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் இதே வயதில் இதே பிரச்சினை இருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் வெட்டி, சுற்றளவு வாரியாகப் பிரித்து அடுக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டால் ஒரு லோடு சேரும், விலையும் விறகுக்கு மேலே நிச்சயம் போகும். கலந்து கட்டிக் குவித்த குவியலுக்கு எந்த வியாபாரியும் விறகு விலைதான் சொல்லுவான், அவனுக்கும் பிரிக்கிற கூலி இருக்கிறது இல்லையா.

வாழை_லால்குடி:
சுருக்கமாகச் சொல்கிறேன். 2, 3 அங்குலம் விட்டமுள்ள நுனிக் கழி எல்லாம் வாழைக்கு முட்டு. எங்கள் பக்கம் தார் போட்டதும் சவுக்குக் கழியைக் காசு கொடுத்து வாங்கி முட்டுக் கொடுக்கிறோம். 10, 12 அடி நீளத்தில் நேராக இருந்தால் தேக்கும் தாராளமாக ஆகும். பட்டையை உரித்துக் காயவைத்து, அறுவடை முடிந்ததும் பிடுங்கிக் கொட்டகையில் நிழலில் அடுக்கினால் அடுத்த சாகுபடிக்கும் வரும். வயலிலேயே போட்டுவிட்டால் ஒரே மழையோடு சரி. உங்கள் மாவட்டத்திலேயே திருவையாறு பக்கம் வாழை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

டெல்டா_தேக்கு:
இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. வனவர் ஐயா, ஏக்கருக்கு 500 என்ற கணக்கு தெளிவாகப் புரிந்தது. வேலிக் கம்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா? ஊரில் சிலர் அடியைச் சுட்டு நடு, தார் பூசி நடு, வண்டியில் வடித்த பழைய ஆயிலில் முக்கி நடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மில் அண்ணன் சொன்ன மாதிரி பக்கத்துத் தோட்டத்தாரிடமும் பேசப் போகிறேன். அப்புறம் எங்களுக்கு ஆடு ஒரு 30 இருக்கிறது, மழைக்காலத்தில் தரை சகதியாகிக் குளம்பு புண்ணாகிறது. அதற்கு ஏதாவது இந்த மரத்தில் செய்யலாமா?

ஓய்வு_வனவர்:
சுட்டு நட்டால் மேலே கரி ஓர் அடுக்கு உண்டாகும், அதற்கு உள்ளே வெள்ளை அப்படியேதான் இருக்கும். காயும்போது வெடிக்கிற கீறல் வழியாக ஈரமும் கரையானும் உள்ளே போய்விடும். தாரும் அப்படித்தான், அதிலும் ஈரக் கம்பத்துக்குத் தார் பூசினால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்து அழுகலைச் சீக்கிரமாக்கும். பழைய ஆயில் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் மண்ணுக்குள் இறங்கி உங்கள் கிணற்றுத் தண்ணீரில் போய்ச் சேரும்.

மண்ணுக்குள் நிற்க வேண்டிய கம்பத்துக்கு முறையான மருந்து செப்புச் சேர்ந்த கலவைதான், அதை அழுத்தக் கலத்தில் வைத்து ஏற்ற வேண்டும், தோட்டத்தில் வைத்துச் செய்கிற வேலை இல்லை. அதனால் வேலி ஓரத்துக்குக் கல்கால் நடுங்கள், அல்லது கிளுவையை நட்டு உயிர்வேலியாக விடுங்கள். தேக்குக் கழியை அந்தக் கால்களுக்கு இடையில் குறுக்குச் சட்டமாகக் கட்டுங்கள். மண்ணைத் தொடாமல், மழை பட்டாலும் உடனே காய்கிற மாதிரி இருந்தால் வெள்ளைமரம் கூட வருடக் கணக்கில் நிற்கும். மரத்தைக் கெடுப்பது தேங்குகிற ஈரம்.

உளுப் பூச்சிக்கு வழி இருக்கிறது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல். 100 லிட்டர் தண்ணீருக்குப் போராக்ஸ் 6 கிலோ, போரிக் அமிலம் 4 கிலோ, தண்ணீரைச் சூடாக்கினால் கரையும். மரம் ஈரமாக இருக்கும்போதே, அறுத்த ஓரிரு நாளில் முக்க வேண்டும், மருந்து ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே நகரும். முக்கி எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கமாக அடுக்கித் தார்ப்பாயால் மூடி, அங்குலக் கனமான பலகை என்றால் மூன்று, நாலு வாரம் அப்படியே விட்டுவிட்டு, அப்புறம்தான் இடைக்கட்டை வைத்து நிழலில் காயவிட வேண்டும். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் ரப்பர் மரம் ஒரு காலத்தில் அடுப்புக்குத்தான் போனது. இதே போரான் மருந்தை ஏற்றவும், சின்னத் துண்டுகளைப் பல்லுப் பல்லாக வெட்டிக் கோத்து ஒட்டிப் பலகையாக்கவும் ஆரம்பித்த பிறகுதான் அது கட்டிலும் மேசையுமாகக் கடைக்கு வந்தது. உங்கள் இளம் தேக்கு ரப்பரைவிடத் தரத்தில் குறைந்ததில்லை, காயும்போது சுருங்குவதும் குறைவு.

இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும், கூரைக்குக் கீழே இருக்கிற மரத்துக்கு மட்டும்தான். கையுறை போட்டுச் செய்யுங்கள், மிச்சக் கரைசலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், அதிகமானால் பயிர் கருகும்.

பரண்_ஆடு:
டெல்டா சார், உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் இடம் பெரம்பலூர் பக்கம், பரண் மேல் ஆடு வளர்க்கிறோம், கொட்டகையில் பாதி இந்த மாதிரி கலைத்தெடுத்த தேக்கும் தைலமரமும்தான்.

உருண்டைக் கழியை அறுக்காமல் அப்படியே தூணாகவும் உத்திரமாகவும் பயன்படுத்துங்கள், இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். அறுத்தால் நார் வெட்டுப்படும், முழுக் கழியில் நார் அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடும், அதே கனமுள்ள அறுத்த சட்டத்தைவிட அது தாங்கும். 5 அங்குலக் கழி 5 அடிக்கு ஒன்றாகத் தூண் நிறுத்தினோம். தூண் மண்ணுக்குள் போகாது, தரைக்கு ஓரடி மேலே வரை சிமென்ட் பீடம், அதில் பதித்த இரும்புப் பட்டையில் தூணைப் போல்ட் போட்டிருக்கிறோம். பீடத்துக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு தகரத்தை நாலு பக்கமும் வெளியே நீட்டிக் கீழ்ப்பக்கமாக மடித்துவிட்டோம், கரையான் மண்பாதை கட்டி வந்தால் கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம்.

தரைச் சட்டத்துக்கு 2 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். சட்டத்துக்குச் சட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் புழுக்கை கீழே விழும், பெரிய ஆட்டின் குளம்பு மாட்டாது. குட்டிகள் நிற்கிற பகுதிக்கு இன்னும் நெருக்கமாக வையுங்கள். மில் அண்ணன் சொன்ன 4 அடித் துண்டு இதற்குக் கச்சிதம். வனவர் ஐயா சொன்ன போராக்ஸைத் தரைச் சட்டத்துக்கும் தீவனத் தொட்டிக்கும் போடாதீர்கள், ஆடு எதையும் நக்கும், தவிர மூத்திரத்தில் மருந்து சீக்கிரமே கழுவிப் போய்விடும். அடிக்கட்டையில் வைரம் ஓடும் துண்டுகளைத் தரைக்கு ஒதுக்குங்கள், ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாகக் கழற்ற முடிகிற மாதிரி ஸ்க்ரூ போடுங்கள், கெட்டது கெட்டதை மாற்றிக்கொண்டே போகலாம். கூரைக் கைமரத்துக்கும் ரீப்பருக்கும் மருந்து அடிக்கலாம், அது நனையாத இடம்.

30 ஆட்டுக்கு, ஓர் ஆட்டுக்கு 12லிருந்து 15 சதுர அடி என்று வைத்தால் 450 சதுர அடி வரை வரும். உங்கள் தோட்டத்துக் கலைப்பில் இதற்கு வேண்டியது போக நிறையவே மிஞ்சும்.

உழவன்_மகன்:
மம்பட்டிக் காம்பு, கோடாலிக் காம்பு செய்து விற்கலாமே? எங்கள் சந்தையில் ஒரு காம்பு நல்ல விலைக்குப் போகிறது.

கடைசல்_பட்டறை:
தேக்கில் காம்பு வேண்டாம் தம்பி. அடி வாங்குகிற வேலைக்கு அது ஆகாது, சட்டென்று முறியும், அதுவும் சோறு உள்ளே இருக்கிற இளங்கழி என்றால் கேட்கவே வேண்டாம், வெட்டுகிறவன் காலில் விழும். கருவேல், வெள்வேல், புளி, இவைதான் காம்புக்கு. தேக்கில் வேண்டுமானால் களைக்கொத்துப் பிடி, அரிவாள்மணைப் பலகை, கடைசல் உளிப் பிடி என்று செய்யலாம், அடி நேராக விழாத சாமான்.

மார்த்தாண்டம்_தேன்:
தேனீப் பெட்டியை யாரும் சொல்லவில்லையே! நம்ம ஊர்ப் பொந்துத் தேனீக்கு வைக்கிற நியூட்டன் பெட்டி சின்னது, திருச்சிப் பக்கம் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910களில் நம்ம தேனீயின் அளவுக்குத் தகுந்த மாதிரி வடிவமைத்துப் பலருக்குக் கற்றுக்கொடுத்தது. அதில் எந்தப் பலகையும் ஓரடியைத் தாண்டிப் பெரிதாகப் போகாது, சட்டங்கள் எல்லாம் விரல் கனம். 3 அங்குல அகலப் பலகைகளைப் பக்கம் பக்கமாக நீர்புகாப் பசையால் ஒட்டினால் பெட்டிச் சுவர் தயார். நன்றாகக் காய்ந்த பலகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய இடம் மழைக்காலத்தில் விலகும்.

இதற்கும் போராக்ஸ், போரிக் அமிலம் எதுவும் போடக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன், பூச்சியைக் கொல்கிற மருந்து தேனீயையும் கொல்லும். வைரம் கலந்த அடிக்கட்டைப் பலகையை எடுங்கள், வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட், உள்ளே வெறும் மரம். கீழே இரும்பு ஸ்டாண்ட் வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பும் வராது, கரையானும் வராது. தென்னந்தோப்பு இருக்கிற உங்கள் பகுதியில் தேனீ வைக்கிறவர்கள் கூடிக்கொண்டேதான் வருகிறார்கள், முதலில் ஒரு பெட்டி செய்து அவர்களிடமே காட்டி அளவு சரிபாருங்கள். அளவு ஒரு நூல் பிசகினாலும் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் தேனீ அடை கட்டி ஒட்டிவிடும், அப்புறம் வெளியே எடுக்கவே முடியாது.

டெல்டா_தேக்கு:
அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆட்டுக் கொட்டகை என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, முதல் வேலை அதுதான் என்று முடிவு செய்துவிட்டார். அடிக்கட்டை 5 அடி தூணுக்கும் தரைச் சட்டத்துக்கும், அதற்கு மேல் 4 அங்குலம் வருவது கைமரத்துக்கும் கடைசல் பட்டறைக்கும், நுனிக்கழி வாழைக்கு என்று பிரிக்கலாம் என்றிருக்கிறோம். பக்கத்தில் இரண்டு தோட்டக்காரர்களும் சேர்ந்து வெட்டச் சம்மதித்திருக்கிறார்கள். தேன் பெட்டியை என் தங்கை செய்து பார்க்கிறேன் என்கிறாள், அவளுக்குத் தச்சு வேலையில் ஆர்வம் உண்டு.

இரண்டே சந்தேகம். எந்த மாதத்தில் வெட்டலாம்? தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும், குளத்தில் ஊறப்போட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார், அதில் விஷயம் இருக்கிறதா? வெட்டிய தூரை என்ன செய்வது?

ஓய்வு_வனவர்:
பொங்கல் முடிந்து இலை உதிர்ந்ததும் வெட்டுங்கள், மாசி வரை நல்ல காலம். மழை இருக்காது, வண்டி உள்ளே வரும், நிற்கிற மரத்தின் மேல் சாய்க்காமல் பார்த்து வெட்டவும் இலை இல்லாதது வசதி. ஆனால் வெயில் ஏறுகிற நேரம், அதனால் கடைசல் தம்பி சொன்ன மாதிரி முனைக்கு அன்றைக்கே பூச்சு, கட்டையை வெயிலில் ஒரு நாள்கூடக் கிடத்தாமல் நிழலுக்கு இழுத்துவிட வேண்டும்.

குளத்தில் ஊறப்போடுவது நல்ல பழக்கம், பெரியவர் சரியாகத்தான் சொல்கிறார். உளுப் பூச்சி வருவது வெள்ளையில் இருக்கும் மாவுச் சத்துக்காக, சில வாரம் தண்ணீரில் முழுக்க அமிழ்ந்து கிடந்தால் அந்த மாவு குறையும். பாதி வெளியே மிதந்தால் பலன் இல்லை, கல் ஏற்றி அமிழ்த்துங்கள். தண்ணீர் நிறம் மாறும், நாற்றமும் வரும், மீன் வளர்க்கிற குளமாக இருந்தால் வேண்டாம். போராக்ஸ் போடக்கூடாத தரைச் சட்டத்துக்கும் தேன் பெட்டிக்கும் இது பொருத்தம், அந்தக் கட்டைகளை முழுசாக ஊறப்போட்டு அப்புறம் அறுங்கள். தேய்பிறையில் வெட்டினால் பெரியவருக்கும் திருப்தி, உங்களுக்கும் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தூர் சாகாது. முதல் மழைக்கே சுற்றிலும் துளிர்த்துவிடும், விட்டால் நீங்கள் கலைத்த பலனே இல்லாமல் நிற்கிற மரத்தோடு போட்டி போடும். முதல் வருடம் இரண்டு, மூன்று முறை துளிரை உடைத்துவிடுங்கள், உங்கள் ஆடுகள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்து வரிசை என்றால் அடிமரத்துப் பட்டையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலி ஓரத்தில், வெளிச்சம் தாராளமாக விழுகிற இடத்தில் மட்டும் ஒரு தூருக்கு ஒரு துளிர் விட்டுவைக்கலாம். வேர் பழையது, அதனால் வேகமாக வரும், நாலைந்து வருடத்தில் மறுபடி வாழை முட்டுக்கும் ரீப்பருக்கும் ஆகும்.

டெல்டா_தேக்கு:
நன்றி ஐயா. சரகத்தில் திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். கடைசல் அண்ணே, உங்கள் பட்டறைக்கு என்ன விட்டம், என்ன நீளம் வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், வெட்டும்போதே அந்த அளவுக்குத் துண்டு போட்டுவிடுகிறோம்.

கடைசல்_பட்டறை:
அனுப்பிவிட்டேன் தம்பி. கணு இல்லாத துண்டாகப் பார்த்து ஒதுக்குங்கள், பட்டையை உரித்துவிடுங்கள், முனைப் பூச்சு மறக்க வேண்டாம். முதலில் ஒரு மூட்டை மட்டும் அனுப்புங்கள், கடைந்து பார்த்துவிட்டு மீதிக்கு விலை பேசுவோம்.